சொட்டுகிறது பெட்ரோல்! அடைப்பதா? மாற்றுவதா?

இரவு மணி 10. வாசல் கதவைப் பூட்டப் போன மனைவி மூக்கைச் சுளித்தாள்.

"என்னங்க, பெட்ரோல் வாடை வருதே!"

கணவன் எழுந்து வந்து பார்த்தான். நடையில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் அடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

"ரெண்டு சொட்டுதானே! காலையில சோப்பைத் தேய்ச்சா நின்னுடும்" என்று அவன் படுக்கப் போனான்.

அவள் விடவில்லை. "அடுப்பு பக்கத்துலதானே இருக்கு? முதல்ல வண்டியை வெளியே தள்ளுங்க" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி!

தரையில் ஊரும் ஆபத்து

பெட்ரோல் கடுங்குளிரிலும் ஆவியாகும். பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி குளிரில்கூட அந்த ஆவி தீப்பற்றும். நம் ஊர் வெயிலில் கேட்கவா வேண்டும்?

அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிப் போகாது. தரையோடு தரையாக ஊர்ந்து அடுத்த அறைக்கும் போகும். அங்கே அடுப்போ, சாமி விளக்கோ எரிந்தால் போதும்.

ஆகவே கசிவைக் கண்டதும் பெட்ரோல் காக்கை மூட வேண்டும். வண்டியைக் கிளப்பாமல் வெட்டவெளிக்குத் தள்ள வேண்டும். வாடை வீசும் இடத்தில் மின்சார சுவிட்சைத் தொடக் கூடாது. கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். சிந்திய இடத்தில் மணலைக் கொட்ட வேண்டும். தப்பித் தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து, தீயைப் பரப்பிவிடும்!

எங்கே ஒழுகுகிறது?

சொட்டு விழும் இடம் வேறு. ஒழுகும் இடம் வேறு. மேலே கசிவது குழாய் வழியாக ஓடி வந்து கீழே சொட்டும். எல்லாவற்றையும் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால், முதலில் நனையும் இடம் தெரிந்துவிடும்.

இடம் தெரிந்த பிறகுதான் அடைப்பதா, மாற்றுவதா என்ற கேள்வி வருகிறது.

ரப்பர் என்றால் மாற்று!

பெட்ரோல் டியூப், காக்கின் உள்ளே இருக்கும் வாஷர் ஆகியவை ரப்பர் சாமான்கள். நாள்பட்டால் இறுகும், வெடிக்கும். வெடித்த ரப்பரில் பசை தடவுவதும், டேப் சுற்றுவதும் வீண் வேலை. பெட்ரோல் அந்தப் பசையையே கரைத்துவிடும். புது டியூபுக்கு ஆகும் செலவு அதிகமில்லை. ஆனால் பெட்ரோலுக்கென்றே செய்த டியூபாக இருக்க வேண்டும். தண்ணீர் டியூபை மாட்டினால் சீக்கிரமே கெட்டுவிடும்.

இன்னொரு விஷயம். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ம் ஆண்டு சில பங்க்குகளில் விற்பனைக்கு வந்தது. 2025-ம் ஆண்டுக்குள் நாடு முழுவதும் பரவியது. பழைய வண்டிகளின் ரப்பர் சாமான்கள் இதனால் முன்னதாகவே கெடக்கூடும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி டியூபைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

அழுக்கு என்றால் கழுவு!

கார்புரேட்டரின் ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் வழிகிறதா? உடனே புதுக் கார்புரேட்டர் வாங்க ஓட வேண்டாம்.

அதற்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் ஏறினால் மிதவையும் ஏறும். அது ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். ஊசி முனையில் ஒரு துளி தூசி உட்கார்ந்தாலும் வழி மூடாது. கழற்றிக் கழுவினாலே பெரும்பாலும் நின்றுவிடும். ஊசி முனை தேய்ந்திருந்தால் ஊசியை மட்டும் மாற்றலாம். மிதவைக்குள் பெட்ரோல் புகுந்திருந்தால் மிதவையை மாற்ற வேண்டும்.

டாங்கியில் ஓட்டையா?

இங்கேதான் யோசனை வேண்டும். அடிபட்டோ, உராய்ந்தோ விழுந்த ஒரே ஓட்டை, சுற்றிலும் தகடு கெட்டி என்றால், பற்ற வைத்துச் சரிசெய்யலாம்.

துரு தின்ற ஓட்டை என்றால் கதை வேறு. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். அது டாங்கியின் அடியில் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே ஊசிமுனை அளவு தெரிந்தால், உள்ளே தகடு காகிதம்போல் ஆகியிருக்கலாம். ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்கும். அப்போது மாற்றுவதே சிக்கனம்.

சோப்புத் தேய்த்தால் கசிவு சற்று நிற்பது உண்மைதான். சோப்பு பெட்ரோலில் எளிதில் கரையாது. ஆனால் அது பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் வரைக்குமான வைத்தியம்.

காலி டாங்கிதானே என்று பக்கத்து வெல்டிங் கடையில் கொடுக்கக் கூடாது. உள்ளே தங்கிய ஆவி காற்றோடு கலந்து, நெருப்புப் பட்டதும் வெடிக்கும். ஆவியைப் போக்கிவிட்டு வேலை செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

புது வண்டிக்காரர்களே!

2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி பி.எஸ். 6 விதி அமலுக்கு வந்தது. அதன்பின் வந்த பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. பம்பு ஒன்று பெட்ரோலை அழுத்தித் தள்ளுகிறது. பல வண்டிகளில் அந்த அழுத்தம், டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தை எட்டும். அந்தக் குழாயில் கசிவு கண்டால் பேச்சே இல்லை. அதற்கென்று வரும் குழாயையே மாற்ற வேண்டும். ஒட்டுப் போட்டால் பீய்ச்சி அடிக்கும். கீழே சூடான எஞ்சின்!

பதினைந்து நிமிட வேலை

மறுநாள் காலை அந்தக் கணவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போனான். டாங்கியில் குற்றமில்லை. டியூபின் நுனிதான் வெடித்திருந்தது. புது டியூப், இரண்டு கிளிப். பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

அன்று இரவு வண்டி வெளியே நின்றது. அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வைத்தாள் மனைவி. விடிந்ததும் போய்ப் பார்த்தாள். அட்டை காய்ந்திருந்தது. வாடையும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவள் வண்டியை நடையில் ஏற்றவிட்டாள்!