நடு இருக்கைக்கு ஒரு விலை

டிக்கெட்டில் 'பிசினஸ் கிளாஸ்' என்று இருக்கும். எப்படிப்பட்ட இருக்கை என்று இருக்காது. சிக்கல் அங்கேதான்.

ஐரோப்பாவுக்குள் ஓரிரு மணி நேரம் பறக்கும் விமானங்கள் பலவற்றில் பிசினஸ் கிளாஸ் இருக்கையும் எகானமி இருக்கையும் ஒன்றுதான். மூன்று பேர் உட்காரும் வரிசையில் நடு இருக்கையைக் காலியாக விடுவார்கள். பின்னால் ஒரு திரை. சாப்பாடு, ஓய்வறை, கூடுதல் பெட்டி ஆகியவை உண்டு. காலை நீட்ட இடம்தான் பெரும்பாலும் கூடுவதில்லை.

சிங்கப்பூர் - பாலி மார்க்கத்தில் கதையே வேறு. சுமார் இரண்டரை மணி நேரப் பயணம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து சிங்கப்பூர் வரும் கே.எல்.எம். விமானம் அங்கிருந்து பாலிக்கும் பயணிகளை ஏற்றிக்கொள்கிறது. நெடுந்தூர விமானம் என்பதால் இருக்கை படுக்கையாகவே விரியும். சம்பந்தப்பட்ட நாடுகள் சம்மதித்தால் மூன்றாம் நாட்டு நிறுவனம் இப்படிப் பறக்கலாம். 1944 சிகாகோ மாநாட்டில் உருவான இந்த உரிமைக்குப் பெயர் 'ஐந்தாவது சுதந்திரம்'.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் விமானம் தாமதமானால் சிங்கப்பூரில் இருப்பவரும் காத்திருக்க வேண்டும். அந்த நிறுவனத்துக்கு அதே மார்க்கத்தில் அடுத்த விமானம் மறுநாள்தான் என்றால், அவசர வேலையாகப் போகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

ஆகவே, பழக்கமில்லாத நிறுவனம் என்று தயங்கவும் வேண்டாம். பெரிய பெயர் என்று மயங்கவும் வேண்டாம். பணம் கட்டும் முன் இரண்டு கேள்விகள் போதும்: எந்த ரக விமானம்? அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது?