‘தாதம்’ என்று எழுதும் பிள்ளை

காகத்தைத் ‘தாதம்’ என்றும் கடலைத் ‘தடல்’ என்றும் குழந்தை சொல்லுங்கால் நாம் சிரித்து மகிழ்கின்றோம். அதே பிள்ளை அரிவரி வகுப்பிலே காகப் படத்தின் கீழ்த் ‘தாதம்’ என்று எழுதிவிட்டாலோ காதைத் திருகுகின்றோம். பிள்ளை செய்த குற்றம் யாது? தன் வாயிற் பிறந்த ஒலியை உள்ளவாறே எழுதியமைதான்.

ககரம் அடிநா மேலண்ணத்தைப் பொருந்தப் பிறப்பது. தகரம் நாநுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தப் பிறப்பது. தொல்காப்பியர் பிறப்பியலில் இதனை அன்றே வகுத்துரைத்தார். அடிநாவை ஆளுதல் பாலர் பலருக்குச் சற்றுப் பிந்தியே கைகூடும். இம்மாற்றம் பெரும்பாலும் நான்கு வயதளவில் தானே அகன்றுவிடும். ரகரம் திருந்த இன்னும் சில ஆண்டுகள் செல்வதுமுண்டு.

பெற்றார் அறியவேண்டியது, தடுமாறுவது நாவா, செவியா என்பதே. மாங்காய்ப் படமொன்றையும் தாயின் படமொன்றையும் பிள்ளையின் முன் வைத்து, வாயசைவு தெரியாதபடி பின்னால் நின்று, ‘காய் எது? தாய் எது?’ என முறைமாற்றிப் பலதடவை கேட்டுப் பாருங்கள். இரண்டையும் ‘தாய்’ என்றே சொல்லும் பிள்ளை உரிய படத்தைத் தவறாது தொடுமாயின், செவி நன்றாகவே பிரித்தறிகின்றது, நாவே பிந்துகின்றது. அமெரிக்க அறிஞர்களான ஜீன் பெர்கோவும் ரோஜர் பிரௌனும் 1960 இல் இத்தகைய ஒரு குழந்தையைப் பற்றி எழுதினர். மீனுக்குரிய ஆங்கிலச் சொல்லை ‘ஃபிஸ்’ என்றே சொன்ன அக்குழந்தை, பெரியவர் அவ்வாறே திருப்பிச் சொன்னபோது ஏற்க மறுத்தது. ‘ஃபிஷ்’ என்ற பின்னரே ஒத்துக்கொண்டது. பிள்ளையோடு நாமும் மழலை பேசுவது அதற்கே பிடிப்பதில்லைப் போலும்!

படத்தைத் தொடுவதிலும் தடுமாற்றம் கண்டால் அசட்டை கூடாது. வாசிப்பென்பது ஒலியையும் வரிவடிவையும் இணைத்தலன்றோ? இரண்டொலி ஒன்றாகவே கேட்குமிடத்து, இரண்டெழுத்து எதற்கென்று பிள்ளை மயங்கும். முதலிற் கேள்விப் புலனைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். செவிப்பறைக்குப் பின்னே நீர் கட்டி நிற்பதாலும் கேள்வி மந்தமாவதுண்டு.

‘மளை’ என்றெழுதும் பிள்ளையை இக்கூட்டத்திற் சேர்ப்பது நியாயமன்று. நம்மவருட் பலர் பேச்சிலே ழகரத்தை ளகரமாகவே ஒலிக்கின்றோம். வீட்டிற் கேளாத ஒலியைப் பிள்ளை எங்ஙனம் அறியும்?

நான்கு வயது கடந்தும் அயலாருக்கு விளங்காதபடி பேசும் பிள்ளையை, பள்ளிக்கு அனுப்புமுன்பே பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடம் இவர்களைப் பயிற்றுகின்றது; அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் இவர்கள் கடமையாற்றுகின்றனர். முறை வரும்வரை வீட்டில் வாளாவிருக்க வேண்டியதில்லை. ‘கத்தரி’, ‘கதவு’, ‘கரண்டி’ என ஒரே ஒலியில் தொடங்கும் பொருள்களைத் தேடியெடுக்கும் விளையாட்டும், சொல்லை அசையசையாகக் கைதட்டி எண்ணும் விளையாட்டும் அடுக்களையிலேயே நடத்தத்தக்கவை.