ஏலூரில் குருவிக்கும் கொஞ்சம் இடம்

ஏலூர் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது ஆலைச் சங்கும் புகைபோக்கியும்தான். 1943-இல் இங்கே 'பாக்ட்' உர ஆலையை நிறுவ முன்னின்றவர்கள் திருச்சி சேஷசாயி சகோதரர்கள். 1947-இல் உற்பத்தி தொடங்கியது. பிழைப்புத் தேடி வந்த தமிழர்கள் பலருக்கு இந்தத் தீவு இரண்டாவது ஊராயிற்று.

பிழைப்பு கொடுத்த ஊர் இன்று மூச்சுத் திணறுகிறது. 2024 மே மாதம் ஏலூர் - எடயாறு பகுதியில் பெரியாற்று மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. கூண்டு கட்டி மீன் வளர்த்தவர்கள் போட்ட முதலை இழந்து நின்றார்கள். ஆற்றைக் காப்பது சர்க்காரின் பொறுப்பு, ஆலைகளின் பொறுப்பு. ஆனால் நம் வீட்டு முற்றம் யார் பொறுப்பு?

ரயிலடிக் காடு

எர்ணாகுளத்தில் ஐகோர்ட்டுக்குப் பின்னால், 1902-இல் ரயில் வந்து நின்ற பழைய நிலையத்தை ஒட்டி, மங்களவனம் இருக்கிறது. மொத்தம் 2.74 ஹெக்டேர், ஏழு ஏக்கருக்கும் குறைவு. காயலிலிருந்து ஒரு சிறு கால்வாய் வழியாக நீர் வந்து போகிறது. அந்த நீரில் கண்டல் மரங்கள்; மரங்களில் நீர்க்காகம், வக்கா, வௌவால். 2004-இல் இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மாடிக் கட்டடங்களுக்கு நடுவே இவ்வளவு சிறிய இடம் போதும் என்றால், நம் வாசலும் வீண் போகாது.

கேரளத்தார் இதை முன்பே அறிந்தவர்கள். பெரும்பாவூர் அருகே இரிங்ஙோள் காவு சுமார் 50 ஏக்கர். தெய்வத்தின் காடு என்று அங்கே யாரும் மரம் வெட்டுவதில்லை. நம் ஊர் அய்யனார் கோயில் காடும் அதே கதைதான். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.

முற்றத்துக்குக் கல் வேண்டாம்

இப்போது வீடு கட்டுகிறவர்கள் முதலில் செய்யும் காரியம், முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதிப்பது. பார்வைக்குச் சுத்தம், உண்மையில் நஷ்டம். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், அந்த நீர் கிணற்றுக்குப் போகாமல் ரோட்டுக்கு ஓடுகிறது. கோடையில் கல் சுடுகிறது. மண்புழு போய், தவளை போய், கொசு மட்டும் மிஞ்சுகிறது. வண்டி நிற்கும் இடத்துக்கு மட்டும் கல் போட்டு, மற்றதை மண்ணாக விடலாம்.

கிணற்றிலும் குளத்திலும் மானத்துக்கண்ணி மீன் இருந்தால் கொசுப்புழுவைத் தின்றுவிடும். மருந்துச் செலவு மிச்சம்.

வாடகை வீட்டில் என்ன செய்வது?

"லைன் வீட்டுக்காரனுக்குத் தோட்டம் ஏது?" என்று கேட்கலாம். தொட்டி போதும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வைத்தால் சில வண்ணத்துப்பூச்சிகள் தேடி வந்து முட்டையிடும். புழு இலையைக் கடிக்கிறதே என்று மருந்து அடித்தால் பூச்சி இல்லை. பூச்சி இல்லையேல் குஞ்சுக்கு இரை இல்லை. இட்லிப் பூவும் செம்பருத்தியும் தேன்சிட்டை அழைக்கும்.

ஓட்டு வீடுகள் போய்க் கான்கிரீட் வந்தபின் சிட்டுக்குருவிக்குப் பொந்து இல்லை. தாழ்வாரத்தில், பூனைக்கு எட்டாத உயரத்தில், ஒன்றேகால் அங்குல ஓட்டை போட்ட சிறு பெட்டியைத் தொங்கவிடுங்கள். வெயில் காலத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்து, தினம் மாற்றுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஆலைக் கழிவு ஓடிய தோட்டை ஒட்டிக் குடியிருப்பவர்கள் பூச்செடி வைக்கட்டும். அந்த மண்ணில் கீரை, காய் வேண்டாம்.

பென்ஷன் வாங்கியதும் ஊருக்குப் போய்விடுவோம் என்றுதான் எல்லோரும் வந்தோம். நம் பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்கள். பலர் இங்கேயே தங்குவார்கள். சங்குச் சத்தத்தோடு குருவிச் சத்தத்தையும் கேட்டு அவர்கள் வளரட்டுமே!