குற்றாலத்தில் வீடெடுத்துச் சமைப்போருக்கு

சாரல் விழும் ஆனி, ஆடியில் குற்றாலத்தில் வீட்டை நாள் வாடகைக்குப் பிடித்து, தாங்களே பொங்கிச் சாப்பிட்டுத் தங்கும் குடும்பங்கள் ஏராளம். பிள்ளைகள், பெரியவர்களோடு போவோருக்கு இது அருமையான ஏற்பாடு. சங்கரன்கோவிலிலிருந்து, குற்றாலத்துக்குப் பக்கத்திலுள்ள தென்காசிக்கு ரயிலிலேயே போய்விடலாம். ஆனால் கேஸ் சிலிண்டரும் மண்ணெண்ணெயும் ரயிலில் ஏறவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். ரயில்வே சட்டப்படி இவற்றை ரயிலில் கொண்டு போனால் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அரிசி, பருப்பு, வத்தல் பொடி கொண்டு போங்கள், போதும். அடுப்பும் சிலிண்டரும் வீட்டிலேயே இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு வாடகை பேசுங்கள்.