உங்களுக்குத் தெரியுமா? குற்றவாளி விமானம் அல்ல, அசையாத கால்
மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் பேரக்குழந்தையைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் பெற்றோர், மும்பை–நியூயார்க் இடைநில்லா விமானத்தில் சுமார் 15 மணி நேரம் உட்கார வேண்டும். அப்போது கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து உண்டு. பலரும் இதற்கு உயரத்தைக் குறை சொல்கிறார்கள். ஆனால் விமானத்துக்குள் காற்றழுத்தம் பெரும்பாலும் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோலத்தான். ஊட்டியே 7,300 அடிக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்றது. பஸ், ரயில், காருக்கும் அது பொருந்தும். தாராவியிலிருந்து திருநெல்வேலிக்கு முன்பதிவில்லாப் பெட்டியில் கால் நீட்ட இடமின்றிப் போகிறவரும் இந்தக் கணக்கில் சேர்ந்தவரே.

6,000 பேரில் ஒருவருக்குத்தானே வருகிறது என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அது சராசரி. உடல் பருமனும் கருத்தடை மாத்திரையும் அண்மையில் நடந்த அறுவை சிகிச்சையும் ஆபத்தைக் கூட்டும். 160 செ.மீ.க்குக் குறைவான உயரமும் அப்படியே. நம் அம்மாக்களில் பலர் அந்த உயரம்தான். பாதம் தரையில் படாமல் தொங்கினால் இருக்கையின் விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்தும். விமானம் மேலே போனதும் கைப்பையைக் காலடியில் வைத்துப் பாதத்தை ஊன்றி, குதிகாலை அடிக்கடி தூக்கி இறக்கச் சொல்லுங்கள். தூக்க மாத்திரை வேண்டாம். ஊர் சேர்ந்த சில வாரங்களுக்குள் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும், உடனே மருத்துவரிடம் போய்ப் பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.