உங்களுக்குத் தெரியுமா? ரிப்பீட்டருக்கும் சிக்னல் வேண்டும்!

வண்ணாரப்பேட்டையின் பழைய வீடுகள் பலவும் அகலம் குறைந்து நீளம் கூடியவை. வாசலறையில் ரவுட்டர் இருந்தால் சமையலறையில் வைஃபை செத்துவிடும். உடனே ரிப்பீட்டர் வாங்கி அதே சமையலறையில் மாட்டுவோம். தனக்கே கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில் வையுங்கள். குறுக்கே ஸ்டீல் பீரோ வேண்டாம்.

ஒற்றை ரேடியோ ரிப்பீட்டர் ஒரே சேனலில் மாறி மாறிக் கேட்டுச் சொல்வதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

சிக்னல் முழுதாக இருந்தும் இணையம் வரவில்லையா? பழைய ரவுட்டரை ரிப்பீட்டராக்கியிருந்தால் இரண்டுக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி இருக்கலாம். பழையதன் முகவரியை 192.168.1.2 என மாற்றி, அதன் டிஹெச்சிபியை அணையுங்கள். செல்போன்களுக்கு முகவரி கொடுப்பதை வாசலறை ரவுட்டரே பார்த்துக்கொள்ளும்.