விரிசலுக்கு யார் சாட்சி?

2019 ஆகஸ்ட் 31 அன்று, கொல்கத்தாவின் பௌபஜார் பகுதியில் மெட்ரோ ரயிலுக்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த இயந்திரம் நிலத்தடி நீர் தேங்கிய மண்ணடுக்கைத் துளைத்துவிட்டது. நீரும் மண்ணும் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. மேலே இருந்த பழைய வீடுகளில் விரிசல் கண்டது; சில இடிந்து விழுந்தன. நூற்றுக்கணக்கானோர் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. 2022-இல் அதே பகுதியில் வீடுகள் மீண்டும் விரிசல் கண்டன.

இத்தகைய விபத்து அரிது. ஆனால், விபத்தே நேராவிட்டாலும் சுரங்கம் தோண்டும்போது நிலம் சிறிதளவு இறங்கவே செய்யும். இயந்திரம் வெட்டும் துளை, அதனுள் பொருத்தப்படும் கான்கிரீட் வளையத்தைவிடச் சற்றுப் பெரியது. இடைவெளியைச் சிமென்ட் கலவையால் நிரப்புகிறார்கள் என்றாலும், அதற்குள் சுற்றியுள்ள மண் கொஞ்சம் நகர்ந்துவிடும். ஆறரை மீட்டர் விட்டமுள்ள துளையில் இந்த இழப்பு 1 சதவீதம் என்று கொண்டால்கூட, ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கன மீட்டர். அது தரையில், சுரங்கத்துக்கு நேர்மேலே அதிகமாகவும் இருபுறமும் குறைந்துகொண்டே செல்வதுமான ஒரு தாழ்வாக வெளிப்படுகிறது.

வீடு முழுவதும் ஒரே சீராகச் சில மில்லிமீட்டர் இறங்கினால் பாதிப்பு குறைவு. ஒரு மூலை இறங்கி மறுமூலை அப்படியே நின்றால்தான் சுவர் பிளக்கிறது. ஆழமற்ற செங்கல் அடித்தளத்தின் மீது நிற்கும் பழைய வீடுகள் இதை எளிதில் தாங்குவதில்லை. பைல் அடித்தளங்களும் விலக்கல்ல. மிக அருகில் மண் தளர்ந்தால் அவற்றின் தாங்குதிறன் குறையும். பழைய கழிவுநீர்க் குழாய்களின் இணைப்பு விலகினால், கசியும் நீர் மண்ணை அரித்து, இயந்திரம் கடந்துபோன பின்னரும் பள்ளத்தை உண்டாக்கலாம்.

இவற்றைக் கட்டுப்படுத்த வழிகள் உண்டு. 1990-களில் லண்டனில் ஜூபிலி ரயில் பாதை நீட்டிக்கப்பட்டபோது, பிக் பென் மணிக்கூண்டின் சாய்வைத் தொடர்ந்து அளந்து, அதன் அடியில் சிமென்ட் கலவையைச் செலுத்திக் கட்டுப்படுத்தினார்கள். அந்தக் கவனம் சாதாரணக் குடியிருப்புகளுக்கும் கிடைக்குமா என்பதே என் கவலை.

ஒருவரது செயலின் சுமையை அதில் தொடர்பில்லாத இன்னொருவர் ஏற்க நேர்வதைப் பொருளாதாரத்தில் 'புறவிளைவு' என்போம். மெட்ரோவின் பலன் நகரம் முழுவதற்கும். விரிசல் மட்டும் ஒரு வீட்டுக்கு. அந்த விரிசல் முன்பே இருந்ததா, புதிதாக வந்ததா என்ற தகராறில், ஆவணமற்ற வீட்டுக்காரரே தோற்பார்.

சென்னையில் 118.9 கி.மீ. நீளமுள்ள இரண்டாம் கட்ட மெட்ரோவின் ஒரு பகுதி நெருக்கமான தெருக்களுக்கு அடியில் செல்கிறது. இயந்திரம் வருமுன் ஒவ்வொரு வீட்டின் நிலையையும் படத்துடன் பதிவு செய்து, அதன் தமிழ்ப் பிரதியை உரிமையாளரிடமும் குடியிருப்பவரிடமும் வழங்க வேண்டும். நில இறக்க அளவுகள் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். பாதிப்பு எல்லைக்குள் புதிய விரிசல் தோன்றினால், அதற்குத் தாம் காரணமல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு திட்டத்தை நடத்துவோருக்கே உரியதாக வேண்டும். திட்டச் செலவோடு ஒப்பிட்டால் இதற்காகும் தொகை மிகச் சிறிது. வீட்டுக்காரருக்கோ, அது வாழ்நாள் சேமிப்பைக் காக்கும் சாட்சி.